நான் கொண்டு சேர்க்காத பேச்சு

ஒரு பிள்ளை தன் தாயிடம் சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்த பேச்சை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னேன். வாய் தவறி அல்ல. தெரிந்தே, நிதானமாக, அந்தத் தாய் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னேன். அவர் கொடுத்த பதிலை மட்டும் ஒரு சொல் மாறாமல் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதன் பிறகு இருவரும் சில ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. கொசு ஒழிப்புத் துண்டறிக்கை, பேருந்துக் கட்டண அறிவிப்பு, மேடைப் பேச்சு என்று எது வந்தாலும் செய்திருக்கிறேன். மருத்துவமனைகளுக்கும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். அங்கே நோயாளியின் மகனோ மருமகளோ அறைக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "சார், அப்பாகிட்ட புத்துநோய்னு சொல்லிடாதீங்க. கட்டின்னு சொல்லுங்க." நான் கட்டி என்றுதான் சொல்வேன். மருத்துவர் நீளமாகப் பேசியதை இரண்டு வரியில் முடிப்பேன். யாரும் குறை சொன்னதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நன்றிதான் சொன்னார்கள். கேட்பவர் தாங்கும் அளவுக்குச் சொல்வதே நல்ல மொழிபெயர்ப்பு என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அதற்குப் 'பக்குவம்' என்று பெயரும் வைத்திருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என் வீட்டுக்குத்தான் வரும். எனக்கும் அது பிடித்திருந்தது. வாசலில் ஆள் நின்றால் என் மனைவி, "உங்க ஆபீஸ் திறந்தாச்சு" என்பாள்.

எங்கள் தளத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர் அந்தத் தாய். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் பேருந்து ஓட்டினார். பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். அதன் பிறகு தேக்கா கடைத்தெருவில் ஒரு சைவ உணவகத்தின் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். விடியுமுன் கிளம்பிப் போய் மதியத்துக்கு மேல் திரும்புவார். என்னை அண்ணே என்பார், என் மனைவியை அண்ணி என்பார். "ஓகே", "கேன்லா", "ஹௌ மச்" இவற்றைத் தாண்டி ஆங்கிலம் தெரியாது. அவருக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வேலையும் நண்பர்களும் ஆங்கிலம். தமிழ் பரீட்சைக்குப் படித்த பாடம், பரீட்சை முடிந்ததும் போய்விட்டது. வீட்டில் "சாப்டியா", "சாப்டேன்", "லேட்டாகும்", "சாவி எடுத்துக்கிட்டியா" என்ற அளவில் தமிழ் ஓடியது. இங்கே இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. அன்றாடத்துக்கு அந்தத் தமிழ் போதும். அன்றாடத்தைத் தாண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டிய நாள் வரும்போதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே மொழியே இல்லை என்பது தெரியவரும்.

அந்தப் பிள்ளையை இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அப்படித்தான் அவர் கேட்டுக்கொண்டார். கேட்டபோது நான் மதிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். என் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கதவுக் கம்பிக்கு வெளியே அவர் நின்றார்.

"அங்கிள், ஃப்ரீயா?"

"வா வா. என்ன, லெட்டர் வந்திருக்கா?"

"லெட்டர் இல்ல அங்கிள். இந்தத் தடவை நான்தான் லெட்டர்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆனால் கைப்பேசியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும், தமிழில் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.

"என்ன, லவ்வா? சீனப் பையனா?" என்றேன்.

"அய்யோ, அதா இருந்தா ஈஸிலா. அம்மா ரெண்டு நாள் அழுவாங்க, மூணாவது நாள் அவனுக்கும் சேர்த்து சாம்பார் வைப்பாங்க."

பிறகு சொன்னார். பாதி ஆங்கிலத்தில், பாதி அந்தப் பிள்ளைத் தமிழில். "நான் பொண்ணு இல்ல அங்கிள். பையனும் இல்ல. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஸ்கூல்ல பாய்ஸ் ஒரு லைன், கேர்ள்ஸ் ஒரு லைன்னு நிக்கச் சொல்வாங்கல்ல? டெய்லி அந்த லைன்ல நிக்கறப்ப நான் பொய் சொல்ற மாதிரியே இருக்கும். அடுத்த லைனும் என்னோடது இல்ல. அடுத்த வாரம் அம்மா பொண்ணு பாக்க ஆள வரச் சொல்லிட்டாங்க. இனிமே பொய் சொல்ல முடியாது."

கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து நான் பார்த்து வந்த முகம் அது. இதை என் அலுவலகக் காலத்தில் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். இதற்கான சொற்களை எப்படித் தமிழில் எழுதுவது என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சிரித்து, எதையோ எழுதி அனுப்பிய நாட்கள் உண்டு. அந்தச் சொற்களுக்கு உரிய ஆள் என் எதிர் நாற்காலியில் வந்து உட்காரக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதிர்ச்சியில் நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர்கிட்ட போனியா?" என்பதுதான்.

"போனேன். அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. அம்மாதான் பாக்கி."

கைப்பேசியை நீட்டினார். இணையத்திலிருந்து சேர்த்து வைத்த தமிழ்ச் சொற்கள். இருமை சாராதவர், இருபாலுக்கு அப்பாற்பட்டவர், இன்னும் சில. என் தொழில் கர்வம் தலை தூக்கியது. "இதெல்லாம் யார் உண்டாக்கினது? உங்கம்மாவுக்கு இது ஒண்ணும் விளங்காது" என்றேன். ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, இது சரியில்லை, அது நிற்காது என்று தீர்ப்புக் கொடுத்தேன். 'அவர்' என்று சொல்லலாம் அல்லவா என்று கேட்டதற்கு, "அது பெரியவங்களுக்கு. உனக்கு எதுக்கு மரியாதை?" என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்காகக் கூடச் சிரித்தார்.

"அதான் உங்ககிட்ட வந்தேன் அங்கிள். பெரிய வார்த்தை எதுவும் வேணாம். நான் மாறப்போறது இல்ல, நான் உங்க புள்ளதான், பொண்ணுன்னு கூப்பிடாம புள்ளன்னு கூப்பிடுங்க. அவ்வளவுதான். இதை எனக்கே சொல்லத் தெரியும். ஆனா அம்மா ஏன்னு கேட்டா எனக்குத் தமிழ் நின்னுடும். எட்டு வயசுப் புள்ள மாதிரி முழிப்பேன். அவங்களும் என்னை எட்டு வயசுப் புள்ளையாத்தான் பாப்பாங்க."

ஆகவே சொல் கிடைக்கவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. சொல்லையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றுதான் கேட்டார். நான்தான் தடுத்தேன். நம்மவர்களிடையே இப்படிப்பட்ட பேச்சுக்குப் பெரியவர் ஒருவர் முதலில் போவது வழக்கம். சம்பந்தம் பேசுவதானாலும் சண்டையைத் தீர்ப்பதானாலும் உரியவர்கள் வெளியே இருப்பார்கள், நடுவே ஒருவர் போய் வருவார். "நீ கீழ வாய்ட் டெக்ல உக்காரு. நான் பதமா எடுத்துச் சொல்லிட்டு வரேன். அதுதான் முறை" என்றேன். தயங்கினார். பிறகு, "ஓகே அங்கிள். ஆனா எல்லாத்தையும் சொல்லணும். பாதி வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தத் தாய் உற்சாகமாக இருந்தார். "வாங்கண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு கேசரி போதுமா, பாதுஷாவும் சொல்லணுமா? அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதியாம், ஆனா இனிப்பு வைக்கலன்னா குத்தம் சொல்லும்போல இருக்கு." தேநீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "புள்ளைக்கு இப்பக் கல்யாணத்துல மனசு இல்லையாம். வேலை, டென்ஷன். உங்ககிட்ட நேரா சொல்லப் பயப்படுது. கொஞ்ச நாள் விட்டுப் பிடிங்க" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு நெடுநாள் நல்ல காரணங்கள் வைத்திருந்தேன். விதவைத் தாய், தாங்கமாட்டார். வயதுக் கோளாறு, போய்விடும். பெண் பார்க்கும் படலம் நின்றால் போதும். உண்மைக் காரணம் அதைவிடச் சின்னது. கேசரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண்மணியின் எதிரே அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் முகம் சிவந்தது. அவருக்கு இருந்த பயமெல்லாம் கோபமாக வந்தது. "கல்யாணத்துல மனசு இல்லையாமா? அப்பா இல்லாத புள்ளைன்னு நான் வளர்த்த வளர்ப்பு இதுதானா? முடியாதுண்ணே. ஒத்துக்க மாட்டேன். என் வீட்டுல இருந்துக்கிட்டு இப்படிப் பேசுறதா இருந்தா வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க. அப்படியே போய்ச் சொல்லுங்க."

கோபம் வந்தால் எந்தத் தாயும் சொல்வது. நின்று கேட்டால் மறுநிமிடமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் நான் இறங்கிப் போய் அப்படியே சொன்னேன்.

புளோக்கின் கீழே திறந்தவெளியாக இருக்கும் வாய்ட் டெக்கில் அந்தப் பிள்ளை கல்மேசைமேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"எல்லாம் சொன்னீங்களா அங்கிள்?"

"சொன்னேன்."

"நான் சொன்ன எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒத்துக்க மாட்டேன்றாங்க. இப்படிப் பேசுறதா இருந்தா வேற இடம் பாத்துக்கச் சொன்னாங்க."

அவர் அழவில்லை. "அப்படியே சொன்னாங்களா? அந்த வார்த்தையே?" என்று கேட்டார். நான் ஆமென்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பில் பொய் இல்லை.

அன்று மாலை அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் ஒரு பையோடு கிளம்பிவிட்டார். பாசிர் ரிஸ்ஸில் ஒரு தோழி வீட்டில் அறை கிடைத்தது. என் மனைவியிடம் பிள்ளை சொன்ன விஷயத்தைச் சொல்லி, நான் எடுத்துச் சொன்னேன், தாய் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவளும் நம்பினாள்.

அந்தத் தாய் என்ன நினைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பயந்து பிள்ளை ஓடிவிட்டது என்று நினைத்தார். மாப்பிள்ளை வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பிள்ளை தொலைபேசியை எடுக்கவில்லை. என்னிடம் வந்து, "குரல்ல பேசி அனுப்பலாமாமேண்ணே, எப்படின்னு காட்டுங்க" என்று கேட்டார். நான்தான் எந்த இடத்தை அழுத்திக்கொண்டு பேச வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் முதல் தடவை பேசினார். "கல்யாணம் வேணாம்மா, ஒண்ணும் வேணாம். வந்துரு. நீ எப்படி இருந்தாலும் என் பொண்ணுதானே." பேசிவிட்டு முந்தானையால் கைப்பேசித் திரையைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற நான், இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நிம்மதி அடைந்தேன்.

ஒன்றும் சரியாகவில்லை. தீபாவளிகள் வந்து போயின. அந்தத் தாய் ஒடுங்கிக்கொண்டே போனார். நானும் பழகிவிட்டேன்.

போன ஆண்டு ஒரு நாள் கண்ணாடி வாங்கத் தேக்காவுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். காப்பி குடிக்கலாம் என்று அந்தத் தாய் வேலை பார்க்கும் உணவகத்துக்குள் நுழைந்தேன். மூலை மேசையில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். எதிரே இட்லி. அவர்தான் என்னை முதலில் பார்த்தார். "அங்கிள்! உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்தார். பழைய மரியாதை அப்படியே இருந்தது.

"இங்கயா? உங்கம்மா..." என்று இழுத்தேன்.

"அம்மா ஷிஃப்ட் ரெண்டரைக்கு முடிஞ்சிரும். நான் மூணு மணிக்கு மேல வருவேன். சாம்பார் மட்டும் அம்மா வச்சது மிச்சம் இருக்கும்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாசத்துல ரெண்டு தடவையாவது வந்துருவேன். கடையில யாருக்கும் தெரியாது."

என் காப்பி வந்தது. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏன் வீட்டுக்கு வரக்கூடாது? அம்மாதான் மெசேஜ் போடுறாங்களே" என்றேன். இதைக் கேட்கிற அளவுக்கு இன்னும் கல்லாக இருந்தேன்.

அவர் கைப்பேசியை எடுத்துச் சத்தத்தைக் குறைத்து என் காதருகே வைத்தார். என் வீட்டு நாற்காலியில் பேசிய அதே பேச்சு. "நீ எப்படி இருந்தாலும் என் பொண்ணுதானே."

"கேட்டீங்களா? இதே மாதிரி எவ்வளவோ இருக்கு. எல்லாத்துலயும் பொண்ணு, பொண்ணு. நீங்க அவ்வளவு தெளிவா சொன்னீங்க. நான் எதுவுமே சொல்லாத மாதிரி பேசுறாங்க அங்கிள். வேற இடம் பாத்துக்கன்னு சொன்னதைக்கூட நான் மன்னிச்சுட்டேன். கோபம், சரி. ஆனா எல்லாம் தெரிஞ்சும், வேணும்னே பொண்ணுன்னு சொல்லி வா வான்னு கூப்பிட்டா, நான் எப்படிப் போவேன்? அப்படிப் போனா நான் சொன்னது பொய்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல?"

அந்தத் தாய் அனுப்பிய அத்தனை அழைப்பும் இந்தப் பிள்ளையின் காதில் மறுப்பாக விழுந்திருக்கிறது. அவர் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாரோ அவ்வளவு தூரம் பிள்ளை விலகியிருக்கிறார். இதில் இருவர் பேரிலும் ஒரு குற்றமும் இல்லை. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. கண்ணாடிக் கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லலயா? நீங்க சொல்லவே இல்லையா?"

"அந்த நேரத்துல..."

"அந்த நேரமா? தெனமும் அந்தப் பொம்பளை நம்ம வாசல்ல வந்து அழுதாங்களே, அந்த நேரமெல்லாம் எங்க போயிருந்தீங்க?" அவள் குரல் உயரவில்லை. "நானும் அவங்களைத் திட்டியிருக்கேங்க. பெத்த புள்ளை இவ்வளவு சொல்லியும் மனசு இறங்கலையேன்னு முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன். அவங்க கல்யாணத்தைத்தான் சொல்றேன்னு நினைச்சுக் கேட்டுக்கிட்டு நின்னாங்க." பிறகு, "உங்க வேலையே அடுத்தவங்க சொன்னதைச் சொல்றதுதானே? அதுக்குத்தானே சம்பளம் வாங்குனீங்க?" என்றாள்.

யாரிடம் முதலில் சொல்வது என்று கேட்டேன். "உங்களை நம்பி வந்தது யாரு? அவங்ககிட்டதான்" என்றாள்.

பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் சந்தித்தோம். அவர் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் குளிர்க் காப்பி வாங்கி வந்திருந்தார். நான் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"ஒரு நிமிஷம் அங்கிள். அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எதுவுமே?"

"எதுவுமே. கல்யாணம் வேணாம்னு நீ சொன்னதா மட்டும்தான் சொன்னேன். அவங்க கோபப்பட்டதெல்லாம் அதுக்குத்தான்."

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு காப்பிப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தண்ணீர் வரைக்கும் நடந்துபோய் நின்றார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"அம்மா ஒரு தடவை இங்க வந்தாங்க அங்கிள். எப்படியோ அட்ரஸ் கண்டுபிடிச்சு. டப்பாவுல எதுவோ எடுத்துக்கிட்டு. நான் ரூம்ல இருந்துக்கிட்டே, இல்லன்னு சொல்லச் சொன்னேன். ஜன்னல் வழியாப் பாத்தேன், பஸ் ஸ்டாப்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க." உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஏன் அங்கிள்?"

நல்ல காரணங்களில் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டு, "வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"என்னை நினைச்சா?"

"ஆமா."

காப்பிப் பையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு தெளிவாக, அதிகாரமாக ஒன்று சொன்னார். "நீங்க அம்மாகிட்ட போங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. அதை மட்டும். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாதீங்க. அதை நானே சொல்லிக்கறேன். எட்டு வயசுப் புள்ள மாதிரி சொன்னாலும் பரவாயில்ல."

மறுநாள் அந்தத் தாய் வேலை முடிந்து வந்து, வெந்நீர் வாளியில் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தபோது போனேன். அன்று உங்கள் பிள்ளை சொல்லச் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"நோயாண்ணே? எம்புள்ளைக்குப் புத்துநோயா? மறைக்காதீங்க, நான் தாங்கிக்குவேன்."

"நோய் இல்லம்மா. சத்தியமா இல்ல. நல்லா இருக்கு."

"பின்ன என்ன?"

"அதை அந்தப் புள்ளையே உங்ககிட்ட சொல்லும். நான் சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்கு."

கையை விட்டார். வாளியைப் பார்த்தபடியே இருந்தார். அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களை நான் மறக்கப்போவதில்லை.

"நான் வேற இடம் பாத்துக்கன்னு சொன்னேனே. அதைப் போய்ச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்ப எம்புள்ளை அதை எதுக்குன்னு நினைச்சுச்சு? நான் எதுக்குப் பதில் சொன்னேன்னு நினைச்சுச்சு அண்ணே?"

அவர் எழுந்தார். ஈரக் காலோடு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ரயில் மாற வேண்டும், நானும் வருகிறேன், வழி காட்டுகிறேன் என்று பின்னாலேயே போனேன். மின்தூக்கிக் கதவைக் கையால் மறித்துக்கொண்டு, "நீங்க வராதீங்க. வந்தா மறுபடியும் நடுவுல நிப்பீங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை. என் மனைவியிடம் அந்தத் தாய் அவ்வப்போது சொன்னது மட்டும் தெரியும். எளிதாக ஒன்றும் முடிந்துவிடவில்லை. கேட்டதும் அழுதிருக்கிறார், என் வளர்ப்பில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறார், கோயில் கோயிலாகப் போயிருக்கிறார். பேரப்பிள்ளை ஆசை என்னாவது என்று என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதார். ஆனால் அந்தப் பிள்ளை தொலைபேசியை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறார். பாசிர் ரிஸ் அறையை விடவில்லை. அது என் இடம் என்று சொல்லிவிட்டாராம்.

"இன்னமும் வாய்ல பொண்ணுன்னுதான் வந்துருது அண்ணி" என்று ஒரு நாள் எங்கள் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்தேன். "அப்ப அது ஒண்ணும் சொல்லாது. ஸ்பூனால தட்டுல ஒரு தட்டு தட்டும். நானும் உடனே புள்ளன்னு மாத்திக்குவேன். நேத்து சாப்பாட்டு நேரம் முழுக்க டிங்கு டிங்குன்னு ஒரே சத்தம். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா என்ன பூஜையான்னு கேக்குது." இருவரும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் அந்தத் தாய் பேசுவதில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுவார். பிள்ளை, "நல்லா இருக்கீங்களா அங்கிள்" என்று கேட்பார், பதிலுக்கு நிற்கமாட்டார். நான் பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் மன்னிப்புக் கேட்டுக் கைப்பேசியில் எழுதி அனுப்பினேன். தமிழில் எழுதியதில் 'அவர்' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் அப்படியே எழுதினேன். படித்துவிட்டார் என்பதற்கு அடையாளம் தெரிந்தது. பதில் வரவில்லை.

போன மாதம், ஒருமுறை நான் அவர்கள் வீட்டுக்கு வந்து இருவர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டுவரும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் போய்விட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"வர வேணாமாம். அவங்க சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னாங்க. குறைக்கவும் கூடாதாம், கூட்டவும் கூடாதாம். சொல்லவா?"

"சொல்லு."

"'நான் மன்னிக்கல. எம்புள்ளையும் மன்னிக்கலையாம், கேட்டுட்டேன். அந்த வருஷமெல்லாம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. வந்து உக்காந்து மன்னிப்புக் கேட்டா, நாங்க டீ போட்டுக் கொடுத்து, பரவால்லண்ணேன்னு சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எங்களுக்கு இப்ப மனசு இல்ல. சொல்ற நாள் வந்தா நாங்களே வந்து கதவைத் தட்டுவோம். வரலன்னா அதையும் பொறுத்துக்கச் சொல்லுங்க.' இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல" என்றாள் அவள். "நான் எதையும் விடல."